பள்ளிக்கூட முற்றத்தில் நான் கட்டிய மலை

மலை என்றால் என்ன என்று கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனவன் நான். கிழக்கே மேகமலை, மேற்கே மலையாளத்து மலை, நடுவில் அந்த ஊர். காலையில் கதவைத் திறந்தால் ஒரு மலை, சாயங்காலம் மாடு ஓட்டிக்கொண்டு திரும்பினால் இன்னொரு மலை. அப்படிப்பட்ட பிள்ளைகள் முன்னால் நின்று, கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, "இதுதான் மலை" என்றேன். பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார்கள், என் முக்கோணத்தை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு சிலேட்டில் முக்கோணம் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெரியாற்றில் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. உடம்பில் தெம்புள்ளவர்கள் கூலிக்கு மலையேறிப் போய்க் காய்ச்சலோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சி முடித்து, ஒரு தகரப்பெட்டி, ஒரு கோட்டு, ஒரு பூகோளப் புத்தகம் சகிதமாகச் சின்னமனூருக்கு அப்பால் இருந்த ஒரு கிறிஸ்தவ ஊரில் மாட்டுவண்டியை விட்டு இறங்கினேன். சித்திரை மாசத்து வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டே இறங்கினேன். ஊர் எல்லையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பாவம் யாரோ குளிர்காய்ச்சல்காரர் என்று வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

என் புத்தகத்தில் உறைபனி ஆறுகள் உண்டு, நெருப்புக் கக்கும் மலைகள் உண்டு, கடலில் மிதக்கும் பனிப்பாறைகள் உண்டு. எங்கள் ஊர் ஓடை மட்டும் இல்லை. அதனால் ஓடை பாடத்தில் சேராது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். முதல் வாரம் ஒரு கேள்வி கேட்டேன். "மழை எங்கேயிருந்து வருது?"

"மலையாளத்துல இருந்து வருதுங்கய்யா" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

"தப்பு. கடலிலிருந்து வருது" என்று சொல்லி, எல்லாருக்கும் உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். ஆடி மாசம் வந்தது. மேற்கு மலையின் உச்சியில் மேகம் வந்து குவிந்தது. அந்தப் பக்கம் மலையாளத்தைக் கொட்டி நனைத்துவிட்டு, இந்தப் பக்கம் எங்களுக்கு வெறும் காற்றையும் கொஞ்சம் சாரலையும் அனுப்பி வைத்தது. கடலில் கிளம்பும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது, மலையைத் தாண்டி இறங்கும்போது அதன் கையில் ஒன்றும் மிச்சமில்லை. புத்தகத்திலேயே நாற்பது பக்கம் தள்ளி இது எழுதியிருந்தது. நான்தான் அதுவரை படித்திருக்கவில்லை. பாதி விடை பிள்ளைகளிடம் இருந்தது, பாதி விடை புத்தகத்தில் இருந்தது. நான் அவர்களுடைய பாதிக்கு அடி கொடுத்திருந்தேன்.

இன்னொரு நாள் ஒன்றை ஒன்று தின்று பிழைக்கிற வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். பயிரை வெட்டுக்கிளி தின்கிறது, வெட்டுக்கிளியைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. இதில் ஒன்று குறைந்தால் மற்ற எல்லாம் தடுமாறும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, "வாத்தியாரய்யாவ யாரு திம்பா?" என்றாள். நான் விடை தேடுவதற்குள் பக்கத்துப் பையன், "இன்ஸ்பெக்டரு" என்றான். இன்ஸ்பெக்டரை யார் தின்பார் என்று உடனே விவாதம் தொடங்கியது. "கடேசில எல்லாரையும் மண்ணு திங்கும், மண்ண மறுபடி பயிரு திங்கும்" என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை நான் அதைவிட நன்றாக முடித்திருக்க முடியாது. ஆனாலும் சத்தம் போட்டதற்காக எல்லாரையும் நிற்க வைத்தேன்.

என்னை இன்ஸ்பெக்டர் தின்றுவிடுவார் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவர் வந்து பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் என் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பவேண்டியதுதான். வேலை போனால் இன்னொன்றும் போகும். அதைப் பற்றித்தான் எனக்கு உள்ளுக்குள் பயம்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சுவாமியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் குதிரையில் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், ஞானோபதேசம் கற்பிப்பதும், யார் கோயிலுக்கு வந்தார்கள் வரவில்லை என்று கவனிப்பதும் உபதேசியார். நெடிய மனிதர், வெள்ளைத் தலைப்பாகை, சிரிப்பு அபூர்வம். அவருக்கு ஒரு மகள். கோயிலில் பெண்கள் பக்கம் பிரார்த்தனையைத் தொடங்கி வைப்பது அவள்தான். அந்தக் குரலைக் கேட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் பதில் சொல்ல மறந்துபோனேன். முகத்தை நேராகப் பார்க்கத் தைரியமில்லை. ஆனால் முக்காட்டின் ஓரத்தைப் பார்த்தே இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்பா இல்லை, எடுத்துப் பேச ஆள் இல்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை ஒப்புக்கொள்வதுபோல விஷயத்தைச் சொன்னேன். அவர் உபதேசியாரிடம் பேசினார்.

உபதேசியார் இரண்டு விஷயம் சொன்னாராம். "பள்ளிக்கூடத்த இன்ஸ்பெக்டரு பாஸ் பண்ணட்டும் சுவாமி. அதுக்கப்புறம், அந்தத் தம்பிக்குத் தேவபத்தி இருக்கான்னும் பாக்கணும். செபம் சொல்றப்பக் கொட்டாவி விடுறாக." இன்ஸ்பெக்டர் வருவது மாசி பங்குனியில்; அது தபசுகாலம், நாற்பது நாள் நோன்பு, அதில் கல்யாணம் கிடையாது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிந்தபிறகுதான் கோயிலில் ஓலை வாசிக்கலாம். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்த பிறகே எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம். ஆக பாஸ்குக்குள் நான் ஒரே நேரத்தில் நல்ல வாத்தியாராகவும் நல்ல பக்தனாகவும் ஆகவேண்டியிருந்தது. இரண்டில் ஒன்று ஆவதற்கே என்னிடம் சரக்கு போதாது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மேகமலைப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் ஓடை செக்கச்செவேல் என்று இறங்கியது. மேலே காட்டை வெட்டி ஏலமும் காப்பியும் போடத் தொடங்கியிருந்தார்கள். வயல்களில் சேறும் சரளைக் கல்லும் முழங்கால் உயரத்துக்குப் படிந்து, வாய்க்கால் தூர்ந்துபோனது. நாலைந்து வீட்டார் நட்ட நாற்றை மறுபடி நட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதன்முதலாக ஓடையும் பாடத்தில் சேரும் என்று பட்டது. மரமும் புல்லும் மூடிய மலையில் மழை விழுந்தால், இலையில் தட்டி, சருகில் ஊறி, வேர் வழியாக மெல்ல இறங்கி, மாசக்கணக்கில் ஊற்றாகக் கசியும். மொட்டை மலையில் விழுந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும், பிறகு ஓடை காய்ந்து கிடக்கும். இதை இன்ஸ்பெக்டருக்கு வாயால் சொல்லக்கூடாது, ஒரு மலையைக் கட்டித் தண்ணீர் ஊற்றிக் காண்பிக்கவேண்டும் என்று கிளம்பினேன்.

பள்ளிக்கூடம் கோயிலுக்கு அடுத்தாற்போல் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரே முற்றம். தை பிறந்ததும் பிள்ளைகள் கண்மாயிலிருந்து களிமண்ணும் ஓடையிலிருந்து மணலும் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். என் இடுப்பு உயரத்துக்கு மலை எழும்பியது. ஒரு பக்கச் சரிவில் வரப்பிலிருந்து பெயர்த்த புல்பத்தைகளை அடுக்கினோம், அது காடு. மறுபக்கச் சரிவை வெறும் மண்ணாக விட்டோம், அது வெட்டிய காடு. இரண்டு சரிவின் அடியிலும் ஒவ்வொரு மண்சட்டி, வடிகிற தண்ணீரைப் பிடித்துப் பார்க்க. வகுப்பில் பெரியவர்களாக இருந்த இரண்டு பேரிடம், "இன்ஸ்பெக்டர் செஞ்சு காட்டுன்னு சொன்னதும் ஆளுக்கொரு குடம் எடுத்து உச்சியிலேயிருந்து ஊத்தணும். மத்தவங்க பாடத்தைச் சத்தமா சொல்லணும்" என்று கட்டளையிட்டேன். அவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் காட்டைக் காணோம். உபதேசியார் வீட்டு ஆடு மலைமேல் நின்று கடைசிப் பத்தையை மென்றுகொண்டிருந்தது. மாமனாராகப் போகிறவரின் ஆட்டை எப்படி விரட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் அவர் மகள் ஓடிவந்தாள்.

"ஏலே, வா இங்கன! அது வாத்தியாரய்யா காடு. அதையுமா மேய்வ?" என்று ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்னிடம் பேசியதாகச் சொல்ல முடியாது. ஆட்டிடம்தான் பேசினாள். ஆனாலும் அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

மறுபடி புல் பதித்து, ஆடு ஏறாதபடி சுற்றிலும் உடைமுள் வெட்டிப் போட்டு வேலி கட்டினேன். எது எது என்ன என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவேண்டுமே என்று மூன்று கம்பு நட்டு, குறுக்கே பலகை அடித்து, கரியால் எழுதினேன். நடுவில் உயரமாக ஒன்று, "சிகரம்". வலப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக "காடு". இடப்பக்கம் அதே அளவில் "வெட்டவெளி". கைகளைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் வாங்கியவன், வருஷா வருஷம் சிலுவைப்பாதை செய்தவன், மலை உச்சியில் மூன்று குறுக்குக் கட்டைகளை நட்டு முள்ளால் சுற்றியும் வைத்துவிட்டு, பார்த்ததெல்லாம் பூகோளம்.

தபசுகாலத்து முதல் வெள்ளிக்கிழமை. கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டே முற்றத்துக்கு வந்தேன். பால் விற்கிற அம்மாள் என் மலையின் முன்னால் மண்டியிட்டிருந்தார். வெட்டவெளிச் சரிவில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. கரி எழுத்து ஏற்கெனவே பனியில் கரைந்துபோயிருந்தது. இருந்திருந்தாலும் அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"மூணு சிலுவ, முள்ளு, மொட்டப் பாற... எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீகளேய்யா! ஆண்டவரச் சிலுவயில அறஞ்ச கல்வாரிக்கே போயி வந்த மாதிரி இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாய் நிறையக் கரி. துப்பிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் உபதேசியார். அந்த நெடிய மனிதர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, மெதுவாக முழங்காலை மடக்கி மண்டியிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"தம்பி, உங்களத் தப்பா நெனச்சுப்புட்டேன். கோட்டுப் போட்ட பயன்னு நெனச்சேன். ஊருல யாருக்கும் தோணாதது உங்களுக்குத் தோணிருக்கு."

'ஐயா, இது கல்வாரி இல்லை, பூகோளம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவர் தோளுக்குப் பின்னால் மகள் குடத்தோடு நின்றிருந்தாள். மலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கத்தான் நிற்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பக்தி நிறைந்த மருமகனை மெச்சிக்கொண்டு நிற்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். "மரியே வாழ்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு நல்ல காலம். உபதேசியார் வீட்டிலிருந்து சுண்டலும் பனங்கருப்பட்டிக் காப்பியும் வந்தன. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை ஊர்வலம் என் மலையில் வந்து முடிந்தது. வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்கூட வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மண் வெடிக்கிறதே என்று பெண்கள் வெட்டவெளிச் சரிவு முழுவதும் சுண்ணாம்பு பூசினார்கள். அதன்மேல் மெழுகு வழிந்து இறுகியது. நான் தினமும் அதைப் பார்த்து, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் சுண்டல் வரும். வகுப்பில் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில், காடு மண்ணைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று கற்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அது வெள்ளிக்கிழமை கல்வாரி, மற்ற நாள் மேகமலை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மலைப்பக்கம் போகாமலே அவரை வகுப்புக்குள் வைத்துக் கேள்வி கேட்க வைத்து, மோர் கொடுத்து, அப்படியே வண்டியேற்றிவிடுவது. பெரிய தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். குடம் தூக்கும் இருவருக்கும் கொடுத்திருந்த கட்டளையைத் திரும்ப வாங்கவேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பெரியகுளத்திலிருந்து வண்டியில் வந்தார். நெற்றியில் நாமம், கையில் குடை, ஒல்லியான மனிதர். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவும் சிலுவைப்பாதைக்குமாகச் சேர்ந்து ஊரே முற்றத்தில் கூடியிருந்தது. அவர் உள்ளே வந்து உட்காரவே இல்லை. வாசலிலேயே நின்று, "அங்கே என்ன, மண்மேடு?" என்றார்.

உபதேசியார் முந்திக்கொண்டார். "கல்வாரி மலைங்க. எங்க வாத்தியாரு கட்டுனது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் மோரை நீட்டினேன். அவர் மோரை வாங்கவில்லை, முன்வரிசையில் நின்ற என் மாணவி ஒருத்தியிடம் கேட்டார். "மழைத் தண்ணி எங்கே போகும், சொல்லு."

"காடிருந்தா மண்ணுக்குள்ள போகும்ங்க. காடில்லாட்டி மண்ணையும் கூட்டிக்கிட்டு ஓடிரும்ங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பேஷ்! யார் சொல்லிக் கொடுத்தது? எங்கே, செய்து காட்டுவீர்களா?"

"ஐயா, தண்ணிக்குக் கொஞ்சம் பஞ்சம்..." என்று நான் தொடங்கினேன். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் நான் முடிப்பதற்குள், அவ்வளவு நாள் காத்திருந்த இரண்டு பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு முள்வேலியைத் தாண்டி ஓடினார்கள். "டேய்!" என்றேன். சீக்கிரம் ஊற்றச் சொல்கிறேன் என்று நினைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவிழ்த்தார்கள்.

பாடம் அச்சுப்பிசகாமல் நடந்தது. புல் பக்கம் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போனது, கொஞ்சம் பொறுத்து அடியில் தெளிவாகக் கசிந்து சட்டியில் சொட்டியது. சுண்ணாம்பும் மெழுகும் பூசிய பக்கம் ஒரு சொட்டும் உள்ளே இறங்க வழியில்லை. மொத்தமும் ஓடியது. ஓடி, ஓரத்தில் ஒரு விரிசலைப் பிடித்து, அதை அறுத்து வாய்க்காலாக்கி, நடுக் கம்பின் காலடி மண்ணைத் தோண்டி எடுத்தது. நடுச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மெதுவாக விழுந்தது. பக்கத்துச் சிலுவையும் கூடவே போனது. வெள்ளையும் சிவப்புமாகச் சேறு பாய்ந்து உபதேசியாரின் காலடியில் வந்து நின்றது.

அதே நேரத்தில், கட்டளைப்படி, மற்ற பிள்ளைகள் தொண்டை கிழியச் சொன்னார்கள். "மரம் போனால் மண் போகும்! மண் போனால் தண்ணீர் போகும்!" அதற்கு மேலே பெண்களின் அலறல். "ஐயோ ஆண்டவரே!" பால்கார அம்மாள் மாரில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒருவர்தான் ஆனந்தமாக இருந்தார். குனிந்து, ஒரு சட்டியில் தெளிந்த தண்ணீரையும் இன்னொரு சட்டியில் குழம்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஐப்பசியில் நாற்றுப் போனவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் குழம்புச் சட்டியையே பார்த்தபடி, "நம்ம ஓட இப்பிடித்தானப்பா செவந்து வந்துச்சு" என்றார். அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் அங்கே கட்ட நினைத்தது இந்த ஒரு மனிதருக்காகத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை.

வண்டி கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். இந்த வட்டாரத்தில் இப்படியொரு பாடத்தைப் பார்த்ததில்லை என்றும் அப்படியே எழுதப்போவதாகவும் சொன்னார். வேலை நிலைத்துவிட்டது. திரும்பினால் உபதேசியார் நிற்கிறார். வேட்டியின் ஓரத்தில் சேறு.

"கல்வாரின்னு நீங்க சொன்னீகளா இல்லையா?"

"நான் சொல்லலையே மாமா..." அவசரத்தில் மாமா என்று வந்துவிட்டது.

"இல்லேன்னும் சொல்லலயே! ஊர மண்டி போட வச்சு வேடிக்க பாத்திருக்கீரு. மாமாவாம், மாமா!"

மறுநாளே சுண்டல் நின்றது. கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று பிரார்த்தனையில் அவள் குரல் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். அதையும் நான் மறுக்கவில்லை.

பாஸ்கு கழிந்து சுவாமியார் வந்தார். அவர் வெள்ளைக்காரர், புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய தன் அறைக்கு என்னையும் உபதேசியாரையும் அழைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் நின்றாள்.

உபதேசியார் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, கூட்டவேண்டிய அவசியமே இல்லை. சுவாமியார் மீசைக்குள் சிரித்தார்.

"விழுந்தது இரண்டு பலகை. அதைப் பாவமென்று எந்த வேதத்தில் வாசித்தீர்? பாடசாலையும் தேறிவிட்டது. இனி ஓலை வாசிக்கத் தடை யாது?"

"பொண்ணு மனசையும் கேக்கணுமில்ல சுவாமி. கேளுங்க" என்றார் உபதேசியார். மகள் மாட்டேன் என்று சொல்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

சுவாமியார் கதவைப் பார்த்து, "மகளே, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

பிரார்த்தனை தொடங்குகிற அதே குரல் வந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா சுவாமி? அது காடுன்னு எனக்கு மொதல்லருந்தே தெரியும். முள்ளு எங்க ஆட்டுக்குப் போட்டதுன்னும் தெரியும். இவுக இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கவே இல்ல."

"நீயாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஆத்தா!" என்றார் உபதேசியார்.

"சொல்லவேண்டியது அவுகதான் அப்பா. நான் சொல்லிட்டா, அவுக சொல்லுவாகளா மாட்டாகளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? சுவாமி, நாளப்பின்ன எனக்கு ஒரு கஷ்டம்னா, எதுத்தாப்புல யாரு நின்னாலும் எனக்காக வாயத் தொறப்பாகளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சுவாமியார் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுகிறீர்?"

எனக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. உயிர் உள்ளவரை, சத்தியமாக, சாட்சியாக என்று நாலைந்து நல்ல வாக்கியங்கள் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. தலையை நிமிர்த்தினேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அவள் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தான் வாழப்போகிற வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், விடை வேண்டி நிற்கிறாள். அந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"தெரியல சுவாமி" என்றேன். "தொறக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. தொறப்பேன்னு அடிச்சுச் சொல்லப் பயமா இருக்கு. நான் பயந்தவன்."

உபதேசியார் எழுந்துவிட்டார். "கேட்டீகளா சுவாமி? அவுக வாயாலயே சொல்லிட்டாக. வா ஆத்தா, போவோம்."

அவள் நகரவில்லை.

"தொறப்பேன்னு சொல்லியிருந்தாகன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன் சுவாமி" என்றாள். "எங்கப்பா எதுத்தாப்புல இருக்கறப்பவே உள்ளதச் சொல்லிட்டாக. ஓல வாசிங்க."

உபதேசியார் அப்படியே மறுபடி உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தன் பக்கத்தில் காலியாக இருந்த பலகையைக் கையால் தட்டி, என்னை உட்காரச் சொன்னார்.